மூக்கில் குடியிருந்த சாட்சி

"ஆளுக்கொரு குப்பி. மூக்கோரத்துல சுரண்டிக் கொடுங்க. பேராசிரியர் சாரும் கொடுக்கிறார்," என்றாள் ஆய்வகக் கருவியைக் கவனிக்கும் அக்கா.

ஆராய்ச்சி மாணவன் குப்பியை வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். மனித முகத்து மயிர்க்கால்களில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் உண்ணியின் மரபணுக்களை வரிசைப்படுத்தி, எது எதற்கென்று குறிப்பெழுதுவதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. பாழாய்ப்போன அந்த உண்ணி கன்னத்தோடு கன்னம் ஒட்டி வாழ்கிறவர்களிடையேதான் பரவும். பேராசிரியரின் மகளோ விடுதியில் இருப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, இவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

மனைவிக்குப் போன் போட்டான். "உங்க வீட்டு உண்ணி இப்போ என் மூக்குல இருக்கும்டி. உங்கப்பாகிட்ட மாட்டிப்போம்."

"வேற யார் மூக்கையாவது சுரண்டிக் கொடு. இதுகூட நான்தான் சொல்லணுமா?"

வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் ஓடினான். "அண்ணே, எனக்குப் பதிலா உங்க மூக்கோரத்துல சுரண்டிக் கொடுங்க. இல்லேன்னா வீட்டு விஷயம் வெளியே வந்துடும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

வாட்ச்மேன் பழக்கப்பட்டவர் மாதிரி மூக்கை நீட்டினார்.

முடிவு வந்த அன்று அக்கா பேராசிரியரையும் அவனையும் கூப்பிட்டாள்.

"சார், உங்க உண்ணியும் இவன் உண்ணியும் அச்சு அசல் ஒண்ணு. ஒரே வீட்டு உண்ணி."

அவனுக்குத் தலை சுற்றியது. வாட்ச்மேன் மூக்கிலுமா பேராசிரியர் வீட்டு உண்ணி? பேராசிரியரின் முகம் வெளிறிவிட்டது. கொலைவெறிதான், சந்தேகமே இல்லை.

"குப்பி மாறியிருக்கும்," என்றான்.

"ஆமா, மாறியிருக்கும். விட்டுடும்மா," என்றார் பேராசிரியரும் அவசரமாக.

"மாறலை சார். மறுபடி கருவியில ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு மரபணு பாதியில உடைஞ்சிருக்கு, ரெண்டுலயும் ஒரே இடத்துல. சந்தேகம்னா ரெண்டு பேரும் இப்பவே என் கண்ணு முன்னால சுரண்டுங்க."

பேராசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அக்கா சுரண்டியோடு அவனை நெருங்கினாள். இனி தப்ப வழியில்லை. தொப்பென்று பேராசிரியரின் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்க பொண்ணைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டேன். என் கூடத்தான் இருக்கா."

பேராசிரியர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அக்கா கையிலிருந்த சுரண்டி கீழே விழுந்தது.

பார்சல் கொடுக்க வந்த வாட்ச்மேன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு தாங்கவில்லை.

"அவசரப்பட்டுட்டீங்களே தம்பி. ரெண்டு குப்பியும் என் மூக்குதான். வீட்டு விஷயம் வெளியே வந்துடும்னு உங்களுக்கு முன்னாடியே ஐயாவும் என்கிட்ட வந்து கெஞ்சினாரே."