ஒன்பது படத்திலும் நான்தான்

ஏழாம் கட்டில்,
ஆண்கள் சத்திரசிகிச்சை வார்ட்,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகள் தினுஷாவுக்கு,

உன் தாயின் மூத்த சகோதரன் யோசேப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் நலமாக இருக்கிறவனை வார்ட்டில் கிடத்த மாட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நீ கொழும்பில் சுகமாக இரு. மரியாதை முடிந்தது. இனி வாசி.

போன நத்தார்ப் பண்டிகைக்கு அன்புவழிபுரத்துக்கு வந்தபோது நீ என்னிடம் என்ன சொன்னாய்? "மாமா, அந்தக் கதிரையில கொஞ்சம் ஆடாம இருங்கோ, உங்களை ஒரு படம் கீறப்போறன்" என்றாய். நானும் நம்பி, தலை வாரி இழுத்து, மீசை வெட்டி, கோயிலுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். சட்டம் போட்டுத் தருவாய் என்று சுவரில் ஆணியும் அடித்து வைத்தேன். ஐந்து மாதமாக அந்த ஆணியில் குடை தொங்குகிறது. நேற்றுத்தான் தெரிந்தது படம் எங்கே போனதென்று. குடலிறக்கத்துக்கு வெட்டவேண்டும் என்று என்னை வார்ட்டில் மறித்து வைத்தார்கள். நேர்ஸ் பிள்ளை நிரோஷினி ஒரு வண்ணப் புத்தகத்தைக் கையில் தந்து, "ஐயா, இதைப் பாத்து விளங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கோ" என்றாள். திறந்தேன். உள்ளே நான்! என் மீசை, என் வழுக்கை, என் வண்டி வயிறு. கோயில் சேர்ட்டை மட்டும் கழற்றிவிட்டாய்.

ஆஸ்பத்திரிக்காரர் கேட்டார்களாம், நீ கீறிக் கொடுத்தாயாம். என்னிடம் ஒரு சொல் கேட்டாயா? நோயாளியிடம் சம்மதம் வாங்குவதற்கென்று புத்தகம் கீறினவள், அதில் கிடக்கிற மனிசனிடம் சம்மதம் கேட்கவில்லை!

சரி, முகத்தை விடு. படங்களுக்கு வருவோம். நான் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருடம் கிரேனுக்குக் கை காட்டியவன். அங்கே பலகையில் இலக்கம் போட்டுப் படம் மாட்டியிருந்தால் அதுதான் வேலையின் ஒழுங்கு. ஒன்று, சங்கிலியை மாட்டு. இரண்டு, கொக்கியைப் பார். மூன்று, ஆட்களை விலக்கு. நான்கு, தூக்கு. ஒன்றைத் தவறவிட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீயும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம் போட்டிருக்கிறாய். ஒன்றில் என்னைப் பட்டினி போடுகிறார்கள். இரண்டில் முதுகில் ஊசி. மூன்றில் வெட்டு. நான்கில் உள்ளே ஒரு வலையை வைத்துத் தைக்கிறார்கள். இதுவரைக்கும் ஒத்துக்கொள்ளலாம். ஐந்தில் எனக்கு இரத்தம் ஓடுகிறது. ஆறில் புண் சீழ் பிடித்துவிட்டது. ஏழில் சலம் போக ஏலாமல் கக்கூசில் நின்று மேலே பார்க்கிறேன். எட்டில் குடல் பழையபடி இறங்கிவிட்டது! ஒன்பதில் அந்த இறங்கின குடலோடு பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போகிறேன். எதற்கு மகளே சிரிக்கிறேன்?

நிரோஷினியைக் கூப்பிட்டு, "ஏழாவது எனக்கு எந்த நாள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அது சில பேருக்கு வரும் ஐயா."

"எனக்கு எப்ப?"

"வந்தா வரும்."

இது ஒரு பதிலா? துறைமுகத்தில் இப்படிக் கதைத்தால் கப்பல் கவிழ்ந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஸைனுலாப்தீன் கிடக்கிறார். போன வருடம் இடப்பக்கம் வெட்டினாராம், இப்போது வலப்பக்கத்துக்கு வந்திருக்கிறார். அவரிடம் கேட்டேன். "எனக்கு அப்பிடி ஒண்டும் வரல்ல அண்ணன். மூணாம் நாள் ஊட்ட போயிட்டன்" என்றார். பாவம், நாலு வேலையை மிச்சம் பிடித்துக்கொண்டு அந்த மனிசனைத் துரத்திவிட்டிருக்கிறார்கள், அவருக்கு அதுகூடத் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்களோ என்னைப் பார்ப்பதில்லை, புத்தகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஏழாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறார்கள்.

டொக்டர் அம்ரா நல்ல பிள்ளை, குரல் உயர்த்துவதில்லை. "ஐயா, குடல் இறுகிட்டா உயிருக்கே ஆபத்து. வியாழக்கிழமை செய்யணும். நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார். பயம் இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். பயம்தான். ஆனால் கையெழுத்து வைக்கமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப் பிள்ளை.

பதினொரு வருடத்துக்கு முன், வேறோர் ஊரில், உன் மாகிரட் மாமிக்கு அவசரமாக வெட்டவேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழி. "கெதியா வையுங்கோ" என்றார்கள், வைத்தேன். கண் விழித்ததும் அவள், "என்னத்தை எடுத்தவங்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கையெழுத்து வைத்த புருசனுக்கே தெரியாது! கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று, துண்டு எழுதித் தந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்றுதான் தெரிந்தது. ஒரு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. அதில் ஒரு பிழையும் இல்லை. இனி விளங்காத எதிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இது எல்லாம் நன்றாக விளங்குகிறது. விளங்கினபடியால்தான் வைக்கமாட்டேன்.

ஆகவே நீ உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதி, ஒன்பது படத்திலிருந்தும் என் முகத்தை அழிக்கவேண்டும். முகம்தான் வேண்டுமென்றால் உன் தகப்பனுக்கும் மீசை இருக்கிறது. அதுவரை எனக்குப் போன் எடுக்காதே.

எவ்வளவு கோபமென்றாலும் உன்னை ஆசீர்வதிக்காமல் விட ஏலாது. மாதா உன் கூடவே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
படத்தில் உள்ள உன் மாமா,
யோசேப்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் மாகிரட் மாமி சோற்றுப் பெட்டியோடு வந்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, கடைசிவரை பார்த்தாள். சிரிக்கவில்லை. டொக்டர் அம்ராவைக் கூப்பிட்டு, ஐந்திலிருந்து எட்டு வரை காட்டி, "இந்த நாலும் எல்லாருக்கும் வருமோ?" என்று கேட்டாள். "இல்லம்மா, வரலாம் எண்டு முன்னுக்கே சொல்றதுதான். கன பேருக்கு ஒண்டும் வராது. வந்தாலும் நாங்க பாப்பம்" என்றார் அவர். மாமி இன்னும் நாலு கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. பிறகு பேனையை என் கையில் தந்து, "இப்ப வையுங்கோ" என்றாள். வைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை. முகத்தை அழிக்காதே. ஐந்திலிருந்து எட்டு வரை இலக்கத்தை மட்டும் எடுத்துவிடு, துறைமுகத்து ஆட்கள் இன்னும் பலர் வருவார்கள். உடனே போன் எடு.

மாமி இன்னும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "கர்ப்பப்பை எடுக்கிற பொம்பிளையளுக்கு இப்பிடி ஒண்டு இல்லையோ?" என்று டொக்டரிடம் கேட்டாள். இன்னும் இல்லையாம். அதையும் நீதான் கீறவேண்டுமாம். முகத்துக்குத் தன்னையே வைக்கவேண்டுமாம்.