எத்தனை செத்தது?

உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்த வேண்டும். விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. எந்த அலுவலகத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டிருக்கும் நாற்காலியில் தேடுங்கள், கட்டாயம் கிடைக்கும். இந்த இனத்துக்கு நான் 'பிணம் கேட்பவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கெட்ட சேதி எதையும் இவர் காதால் கேட்டு நம்பமாட்டார், கண்ணால் கண்டும் நம்பமாட்டார். யாராவது மல்லாந்து கிடக்க வேண்டும், மூச்சு நின்றிருக்க வேண்டும், முடிந்தால் பக்கத்தில் ஒரு டாக்டர் நின்று தலையை ஆட்ட வேண்டும். அதற்குக் குறைவான எதுவும் இவர் அகராதியில் 'ஒண்ணும் இல்ல'தான்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்பாள். "யாராவது வாந்தி எடுத்தீங்களா?" என்பார். மகள் காய்ச்சல் என்பாள். "நடக்க முடியுதுல்ல?" என்பார். மச்சினன் பாவம், நல்ல எண்ணத்தில் "அத்தான், வண்டியில ஏதோ கடகடன்னு சத்தம் வருதே" என்று சொல்லித் தொலைத்துவிட்டால், "நின்னு போச்சா? ஓடுதுல்ல? அப்புறம் என்னடா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, அதே வண்டியில் மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவார். வண்டி பாதி வழியில் படுத்துவிட்டால்? அது விதி. மனிதன் என்ன செய்ய முடியும்?

என் மேலதிகாரி இந்த இனத்தின் அசல் மாதிரி. நாங்கள் வேலை பார்த்தது தண்ணீர்ச் சோதனை நிலையத்தில். ஊரில் யார் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து கொடுத்தாலும், அதில் நீர்த்தெள்ளுகளை விட்டுப் பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு.

நீர்த்தெள்ளு கடிக்காது, பயப்படாதீர்கள். இறாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கடுகளவு உடம்பு, அதுவும் கண்ணாடி மாதிரி. வயிற்றில் எத்தனை குட்டி என்று வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். மீன்குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடே இதுதான். இதன் குடும்ப வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. காலம் நன்றாக இருக்கும்வரை இவர்கள் வீட்டில் ஆண்பிள்ளையே கிடையாது. தாய் தனியாகவே மகள்களைப் பெறுவாள், மகள்கள் பேத்திகளைப் பெறுவார்கள். இரை குறைந்தால், குளிர் வந்தால், குளத்தில் நெரிசல் கூடினால்தான் தாயின் உடம்புக்குள் ஒரு ஹார்மோன் சேதி கொண்டுபோகும்: நிலைமை சரியில்லை, மகனைப் பெறு. அந்த மகன்கள் வளர்ந்து ஜோடி சேர்ந்தபின் வரும் முட்டைகள் சேற்றில் உறங்கிக் கிடந்து, நல்ல காலம் திரும்பியதும் பொரியும். கடுகளவு உடம்புக்கு எவ்வளவு பெரிய முன்யோசனை பாருங்கள்!

இந்த ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டு வருகிற மருந்துகள் சில உண்டு. கொசுப்புழு கொசுவாகாமல் தடுக்கச் செய்தவை. அவற்றில் ஒரு துளி குளத்தில் கலந்தாலும் தாய்த்தெள்ளு ஏமாந்து போகும். இரை கொட்டிக் கிடக்கும்போதே பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து மகன்களாகப் பெற்றுத் தள்ளும். எதுவும் சாகாது. எல்லாம் துள்ளித் துள்ளி நீந்தும். அடுத்த தலைமுறையைப் பெறத் தாய்தான் இருக்காது.

ஒருநாள் ஒரு மீன்குஞ்சுக்காரர் வந்தார். ஏரிக்கரையில் நான்கு குளம் வைத்துக் குஞ்சு பொரிக்கிறவர். மேலே கொசுமருந்துத் தொழிற்சாலை ஒன்று வந்ததிலிருந்து அவர் குளங்களில் நீர்த்தெள்ளு குறைந்து குறைந்து, இப்போது வலை போட்டு அரித்தாலும் ஒரு கரண்டி தேறவில்லையாம். குஞ்சுகள் இரையில்லாமல் ஊசி மாதிரி மெலிந்து மிதக்கின்றனவாம்.

"இந்தப் பொரிப்பும் போச்சுன்னா குளத்த விட்டுட்டுப் போயிட வேண்டியதுதான் சார்," என்றார். "தண்ணியில கோளாறுன்னு நீங்க ஒரு தாள் குடுத்தா, பேக்டரிக் கழிவு வாய்க்கால அடைக்கச் சொல்லிக் கேக்கலாம். வெறும் வாயால சொன்னா யாரு கேக்குறாங்க?"

நியாயமான மனிதர். மேலதிகாரியும் நியாயமாகவே பதில் சொன்னார். "வெச்சுட்டுப் போங்க. பாத்துடலாம்."

சோதனை செய்தது எங்கள் நுண்ணோக்கி அம்மா. பதினாறு வருஷமாகக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தே அந்தப் பக்கம் வளைந்துபோன பெண்மணி. முதலில் இரண்டு நாள் சோதனை. தெள்ளை அந்தத் தண்ணீரில் விட வேண்டும், இரண்டாம் நாள் ஜாடியை லேசாகத் தட்ட வேண்டும். நீந்தினால் உயிர், நீந்தாவிட்டால் பிணம். மேலதிகாரிக்காகவே கண்டுபிடித்த மாதிரி ஒரு சோதனை!

"எத்தனை செத்தது?"

"ஒண்ணும் சாகல சார்."

"அப்புறம் என்ன? எழுதி அனுப்பிடுங்க."

அந்த அம்மா அனுப்பவில்லை. மூன்று வாரச் சோதனையும் செய்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பத்து ஜாடியில் நல்ல தண்ணீர், பத்து ஜாடியில் மீன்குஞ்சுக்காரர் தண்ணீர், ஜாடிக்கு ஒரு தாய். பிறக்கிற குட்டிகளை எல்லாம் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்து எண்ண வேண்டும். எண்ணுவதோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்றைக்கும் நிம்மதியாக இருந்திருப்பார். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்து முகத்தையும் பார்த்துவிட்டார். முன்கொம்பு நீளமாக இருந்தால் ஆண்.

"சார், நல்ல தண்ணியில எல்லாமே பொண்ணு. அவர் தண்ணியில எல்லாமே ஆணு. ஒண்ணுகூடத் தப்பல."

"மொத்தம் எத்தனை பொறந்துச்சு?"

"ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார். ஆனா..."

"செத்தது?"

"ஒண்ணும் இல்ல."

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருக்கு, அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! படிவத்துல பாருங்க. உயிரோட இருக்கறது, செத்தது, பொறந்தது. மூணே கட்டம். ஆணா பொண்ணான்னு கட்டம் எங்க இருக்கு?"

இல்லைதான். படிவத்தில் கட்டம் இல்லாத ஒன்று உலகத்தில் எப்படி நடக்க முடியும்? நடந்தாலும் அதை எங்கே எழுதுவது?

இதோடு விட்டிருந்தால் இவரைச் சாதாரணப் பிணம் கேட்பவர் என்று ஒதுக்கியிருப்பேன். அந்த வாரம் பார்த்து மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. தரை பளபளத்தது, ஜன்னல் பளபளத்தது, மேலதிகாரியின் செருப்பே பளபளத்தது. பளபளக்காதது ஒன்றே ஒன்று, தலைமுறை தலைமுறையாக நாங்கள் தாய்த்தெள்ளு வளர்க்கும் பச்சைத் தண்ணீர்த் தொட்டி. பச்சையாக இருப்பதுதான் அதற்கு ஆரோக்கியம். பார்வையிட வருபவர்களுக்கு அது தெரியுமா?

"அசிங்கமா இருக்கு. கொட்டிக் கழுவிட்டு புதுசா விடுங்க," என்றார்.

"புதுசுக்கு எங்க சார் போறது?"

"அதான் தனியா ஒரு வாளி வெச்சிருக்கீங்களே. நல்லாக் கொழுகொழுன்னு துள்ளுதே!"

அது மீன்குஞ்சுக்காரர் தண்ணீரில் பிறந்த குட்டிகள். சாட்சிக்காக அந்த அம்மா சேர்த்து வைத்திருந்தவை.

"ஐயோ சார், அது அத்தனையும் ஆணு! ஆணு எப்படி சார் குட்டி போடும்?"

"நூத்துக்கணக்குல இருக்கு. அதுல ஒரு பொண்ணுகூடவா இல்லாமப் போயிடும்? எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு!"

அந்த அம்மா தொட்டியைத் தொட மறுத்தார். தொட்டியின் ஒரு முனையைக் கூட்டிப் பெருக்குபவர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துச் சாக்கடையில் சாய்த்ததும், கழுவிய தொட்டியில் வாளிக் குட்டிகளை விட்டதும் நான்தான். பார்வையிட வந்தவர்கள் தொட்டி சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு என்ன, காத்திருந்தோம். ஒரு வாரம் ஆயிற்று, குட்டி இல்லை. இரண்டு வாரம் ஆயிற்று, இல்லை. அந்த மகாராஜாக்கள் சும்மா இப்படியும் அப்படியும் நீந்திக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களில் வயதாகி ஒவ்வொன்றாக அடியில் விழுந்தார்கள். தொட்டியின் தரை முழுக்கப் பிணம். என் மனதில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட எட்டிப் பார்த்தது. இவர் கேட்டது இதுதானே? வேண்டிய மட்டும் கிடக்கிறது, எண்ணிக்கொள்ளட்டும்!

மேலதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார்.

"இயற்கை மரணம்," என்றார். "எழுதிக்குங்க."

பார்த்தீர்களா? பிணம் கிடைக்காதவரை ஆதாரம் இல்லை. கிடைத்தபின் அது இயற்கை. இந்த இனத்தை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தாலும் வழுக்கிவிடும். எனக்கு வந்த எரிச்சலில் அன்று மதியச் சாப்பாடே இறங்கவில்லை.

அறிக்கை தயாராயிற்று. 'இறப்பு இல்லை. இனப்பெருக்கம் பாதிக்கப்படவில்லை. நீர் ஏற்கத்தக்கது.' சோதித்தவர் என்ற இடத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "என் கண்ணால பாத்ததுக்கு எதிரா என் கை எழுதாது சார்," என்று சொல்லிவிட்டுப் போனவரை மறுநாளே ஜாடி கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். மேலதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க போடுங்க. சும்மா ஒரு முறைக்குத்தான்." பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

மீன்குஞ்சுக்காரர் வந்து அறிக்கையை நின்றபடியே படித்தார். சண்டை போடுவார், மேசையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"அப்போ தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "எங்க வீட்டுல ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டே இருந்தா சார், உங்களுக்குத்தான் வளக்கத் தெரியல, சும்மா பேக்டரி மேல பழி போடாதீங்கன்னு. நான்தான் வீம்பா இருந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். மேலதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. மூடிக்கொண்டேன்.

"இனிமே அந்தத் தொழிலே வேணாம். குளத்த மூடிடறேன்." அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "நீங்கதான் பாத்தீங்களா? ரொம்ப நன்றி சார். பொய் சொல்லாம எழுதிக் குடுத்தீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு நேரம் என் மேலதிகாரியைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த மனிதர் ஒரு பிணமாவது கேட்டார். நான் எதையும் கேட்கவில்லை. விரல் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் எப்படி? கடைசியாக எந்தத் தாளில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள், அதில் என்ன எழுதியிருந்தது, நினைவிருக்கிறதா? இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். அதை வாங்கிப்போனவருக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கும். உங்களை நல்லவர் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டும் இருப்பார்.