முதலையின் மேற்பல் பற்றி அத்தானுக்கு

அன்பும் பயமும் ஒரே அளவில் கலந்து, வினாயகமூர்த்தி அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மச்சான் கிருபைராசா புளியந்தீவிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், என் மானம் நீங்கலாக. தங்கள் நலத்தை அக்கா மூலம் அறிகிறேன். தாங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே.

அத்தான், அந்த முதலையை நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் கணினியில் கார்ட்டூன் படிக்கப் போனவன் நான்; முதல் நாள் வகுப்பே என்னை மாஸ்டர் என்று நினைத்து எழும்பி நின்றது. நூலகத்துச் சிறுவர் விழாவுக்கு, வாவியில் குப்பை போடாதே என்று ஒரு முதலை புத்தி சொல்லும் படம் கேட்டார்கள். கம்பீரமான குரல் வேண்டும் என்றதும் தங்கள் ஞாபகம் வந்தது, தோற்றத்தால் அல்ல. முதலைக்காகத் தாங்கள் பேசப் பேச வாயைப் போனில் பிடித்து, ஆவன்னாவுக்குத் திறந்த வாய், ஊவன்னாவுக்குக் குவிந்த வாய் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். "குப்பை" என்ற இடத்தில் தங்கள் கட்டுப்பல் இறங்கித் தானாக ஏறியதை நான் யோசிக்கவில்லை. கண்டதை அப்படியே வரைந்துவிட்டேன். அதோடு போயிருக்கும். ஒரே சொல் திரும்ப வந்தால் அதே வாயை எடுத்து ஒட்டலாம் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். தாங்களோ குப்பையை ஏழு தரம் சொல்லியிருந்தீர்கள்.

விழாவில் படம் ஓட, முதலையின் பல் ஏழு தரமும் விழுந்தது. "இன்னொருக்கா விழுத்துங்க!" என்று பிள்ளைகள் கத்த, முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்த தாங்கள் எழும்பி, "இனி உன்ட வாசலுக்கு வந்தா என்னைக் கேளு!" என்றீர்கள். அப்போதும் கொஞ்சம் இறங்கியது. நான் பார்க்கவில்லை.

வருகிற புதன்கிழமை என் மகள் நிலானிக்குக் கலியாணம். வெல்லாவெளிக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டியவர் தாங்கள். "மாமா வராட்டி நான் மணவறையில இருக்க மாட்டன்" என்று அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், மாமா முதலையோடு கோபம் என்றா சொல்வேன்? இரண்டு நாள் இருந்து ஏழு பல்லையும் அழித்துவிட்டேன். முதலை இப்போது நீதவான் மாதிரிப் பேசுகிறது. வாருங்கள் அத்தான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, தாங்கள் இருக்கும் கல்லடியை நோக்கிக் கும்பிடும்,
கிருபைராசா

பி.கு.: பலகாரம் சுட வந்த அக்காவுக்குத் திருத்திய படத்தைக் காட்டினேன். எண்ணெய்க் கரண்டியோடு நின்று முழுதும் பார்த்தார். "இது ஆரோ ஒரு முதலைடா. என்ட மனிசன் எங்க? பழையபடி போடு" என்றார். ஏழு பல்லையும் திரும்பப் போட்டுவிட்டேன். புதன்கிழமை தாங்கள் வருகிறீர்களாம். அதையும் அக்காதான் சொன்னார், கரண்டியை இறக்காமல்.