சாய்மனைக் கதிரைக்காரர்

நாடகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே கணவன் செத்துப்போனான். மனைவிக்கு அது தெரியவில்லை. மீன் விலை, கூரை ஒழுக்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று அவள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டேயிருந்தாள். சாய்மனைக் கதிரையில் கிடந்த பிணமும் கேட்டுக்கொண்டேயிருந்தது. உயிரோடிருந்த காலத்திலும் அவன் "ம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னவனில்லை.

உதயரூபன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகுதான் தான் எந்தக் கதிரையில் சாய்ந்திருக்கிறோம் என்பதைக் கவனித்தார்.

தமிழ் ரீச்சரான மனைவி கேதீஸ்வரிதான் மத்தியானம் அந்த நாடகத்தை அவர் மடியில் வைத்து, வாசித்து எப்படியென்று சொல்லச் சொன்னாள். அவர் "ம்" என்றிருந்தார். கணினியில் அடித்த தாள்கள், பெயரில்லை, ஓரமெல்லாம் அவளுடைய பென்சில் எழுத்து. யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை.

வாவிக்காற்றில் கண் சொருகியது. கனவில் கதிரை தண்ணீரில் மிதந்தது. தோணிகளையும் இறால் பிடிக்கும் கட்டுகளையும் தாண்டி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் கேதீஸ்வரி மீன் கழுவியபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போகிறேன் என்று கத்தப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அவள் நிமிர்ந்தும் பார்க்காமல் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

வியர்த்து விழித்தார். உண்மையிலேயே பயந்துபோனார். கோபித்துக்கொண்டு போகவும் இடமில்லை. இந்த வீடு கேதீஸ்வரியின் சீதனம். அம்மாவின் வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. அவருடையதென்று இருந்தது அந்தக் கதிரை மட்டும்தான். ஆகவே இனிமேல் கதைப்பது என்று முடிவெடுத்தார்.

சாப்பிடும்போது, "கறி நல்லாரிக்கி" என்றார்.

கேதீஸ்வரி அகப்பையை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். விடிந்ததும் அவளுடைய சேலையைப் புகழ்ந்தார், கனவைச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் என்ன புதினம், என்ன நடக்கிறது என்று விசாரித்தார். அவள் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றாள். இன்னும் கொஞ்சம் முயன்று, கல்யாணத்தன்று அவள் தலையில் வைத்திருந்த பூவைப் பற்றியும் சொன்னார். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு அவருடைய தங்கைக்கு ஃபோன் எடுத்தாள்.

தங்கை தக்ஷாயினி கோயில் திருநீற்றோடு வந்தாள். அப்பாவும் சாவதற்கு முந்திய கிழமை முழுக்க இப்படித்தான் வாய் ஓயாமல் கதைத்தாராம். பின்னேரத்துக்குள் அப்பிள், பிஸ்கட்டுகளோடு சொந்தக்காரர் வரத் தொடங்கினார்கள். எங்கிருந்தோ பிளாஸ்டிக் கதிரைகளும் வந்து முற்றத்தில் வரிசையாக நின்றன. தனக்கு ஒன்றுமில்லை என்று உதயரூபன் ஒவ்வொருவருக்கும் விளக்கமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவர்களுடைய தலை குனிந்துகொண்டே போனது.

கேதீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போற ஆக்கள்தான் இப்பிடிக் கதைப்பாங்க. எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம். பழையபடி 'ம்' எண்டு இரிங்க, எனக்கு அது போதும்."

உதயரூபனுக்கு இவ்வளவு பேருக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று கூச்சமாக இருந்தது.

"உன்ட நாடகத்த வாசிச்சுத்தான் இப்பிடிக் கதைக்கிறன், கேதி. அந்தப் பிணம் நான்தானே?"

"என்ட நாடகமா? நான் எழுத்துப்பிழை பார்த்தது மட்டும்தான்."

காத்தான்குடியிலிருந்து நோய் பார்க்க வந்திருந்த அகீலா ரீச்சர், முந்திரிகைப் பழப் பையை வைத்துவிட்டுச் சங்கடத்தோடு நிமிர்ந்தாள். கேதீஸ்வரியோடு படிப்பிப்பவள்.

"அது நான் எழுதினது, சேர். முதல் முதல் வாசிக்கக் குடுத்தது எங்கட இவருக்குத்தான்."

எல்லோரும் மூலைக் கதிரையைப் பார்த்தார்கள். அங்கே அவள் கணவர் ஹலீம், வந்ததிலிருந்து அப்படியே சாய்ந்திருந்தார்.

"நாடகம் உங்களுக்கு எப்பிடிப் பட்டிச்சு, ஹலீம் நானா?" என்று உதயரூபன் கேட்டார்.

"ம்" என்றார் ஹலீம்.