பாறை ஏறிய வண்டிக்கு ஒரு பாராட்டுரை

மனித இனம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது முதல் சாதனை. சக்கரம் ஓடுவதற்குச் சாலை போட்டது இரண்டாவது சாதனை. அரும்பாடுபட்டுப் போட்ட சாலையை விட்டு இறங்கிப் பாறை மேல் வண்டி ஓட்டுவது மூன்றாவது, மூன்றிலும் தலைசிறந்தது. அந்த மூன்றாவது சாதனை என் அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் நிகழ்ந்தது என்பதையும், அதன் கௌரவச் செயலாளராக அடியேன் பணியாற்றினேன் என்பதையும் உலகத்துக்கு அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன்.

திட்டத்தின் தந்தை என் அத்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதுவரை அவர் முடுக்கிய திருகாணிகளிலேயே பெரியது எறும்புத் தலை அளவு இருக்கும். ஆனால் மேதைகளுக்கு அளவு ஒரு பொருட்டல்லவே. ஒரு விடுமுறை நாளில் சோபாவில் படுத்தபடி, ‘குறைந்த செலவில் வீட்டிலேயே பாறை ஏறும் வண்டி’ என்ற காணொளியைப் பார்த்தவர், பார்த்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார். விடுமுறை நாளில் அவர் எழுந்து உட்கார்ந்ததை அந்த வண்டியின் முதல் வெற்றியாகவே பதிவு செய்கிறேன்.

“மச்சான், நாம ஒண்ணு பண்றோம்,” என்றார்.

“இங்க சுத்துவட்டாரத்துல பாறையே இல்லையே அத்தான்?”

“முதல்ல வண்டி வரட்டும். பாறையை அப்புறம் பாத்துக்கலாம்.”

இப்படிப்பட்ட தொலைநோக்கு எல்லாருக்கும் வாய்த்துவிடாது. அன்றே சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தொடக்கக் கூட்டம் கூடியது. அத்தான் தலைமை தாங்கினார். நான் முன்மொழிந்து, நானே வழிமொழிந்தேன். கடையிலிருந்து எதையும் வாங்குவதில்லை, வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இதற்குத்தான் ‘சிக்கனம்’ என்று பெயர். இருப்பதெல்லாம் யாருடையது என்ற கேள்வியை யாரும் கிளப்பவில்லை.

அந்த வகை வண்டிக்கு ‘பக்கி’ என்று பெயராம். மேசையைத் துடைக்க வந்த அக்கா எங்கள் தீவிரத்தைப் பார்த்துவிட்டு, “என்ன இது?” என்று கேட்டாள்.

“பக்கி,” என்றார் அத்தான்.

“அது தெரியும். என்ன பண்ணிட்டிருக்கீங்கன்னு கேட்டேன்.”

அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பின்கட்டு அறையில் இரண்டு துவைக்கும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, தேய்த்து, மடித்து, தன் பழைய வேனில் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். வீட்டுச் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி அந்த வேனில்தான் வந்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய விடுதியின் வேலையைப் பிடிக்க அவள் நடையாய் நடந்தாள். கடைசியில் அதன் மேலாளர் அம்மாள் மனமிரங்கி, ஒரு லோடு தருகிறேன், வெள்ளிக்கிழமை காலை அறைகள் காலியாவதற்குள் வந்து சேர வேண்டும், ஒரு தடவை தாமதமானாலும் அத்தோடு சரி என்று சொல்லியிருந்தார்.

“இது மட்டும் கிடைச்சா ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்டா,” என்றாள் அக்கா என்னிடம். “நானும் ஒரு வேளையாவது உக்காந்து சாப்பிடுவேன்.”

நான் உருக்கமாகத் தலையாட்டினேன். செயலாளர்களுக்குத் தலையாட்டுவது கைவந்த கலை.

இதற்கிடையில் திட்டம் சூடுபிடித்தது. முதலில் வேனின் உபரிச் சக்கரம் வந்தது. உபரி என்ற சொல்லுக்கே வேண்டாதது என்றுதானே பொருள் என்றார் அத்தான். பிறகு ஓட்டுநர் இருக்கை வந்தது. வேனில் அந்த இடத்துக்குச் சமையலறை முக்காலி மாற்றப்பட்டது. பிறகு ஸ்பிரிங்குகள். கடைசியாக அத்தான் தன் புகழ்பெற்ற கோட்பாட்டை வெளியிட்டார்.

“மச்சான், வேன் பெரும்பாலும் சும்மாதானே நிக்குது? நிக்கிற வண்டிக்கு எஞ்சின் எதுக்கு?”

நான் அசந்துபோனேன். எத்தனை பொறியாளர்கள் பிறந்தார்கள், ஒருவருக்காவது இது தோன்றியதா? எஞ்சினும் கியர்பாக்ஸும் இறங்கின. அக்காவிடம் வேன் ஷெட்டிலேயே ‘சர்வீஸில்’ இருப்பதாக அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது.

“வியாழக்கிழமை சாயங்காலம் வேன் என் கைக்கு வந்தாகணும்,” என்றாள்.

“புதன்கிழமையே வந்துடும்,” என்றார் அத்தான்.

அதுவரை அவள் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலைந்தாள். ஆட்டோ தொழிலுக்கு எங்கள் திட்டம் அளித்த ஊக்கம் என்று இதைக் கொள்ள வேண்டும்.

புதன்கிழமை வந்தது. வேன் வரவில்லை. ஆனால் வியாழன் பகலில் வெல்டர் வந்தார். வண்டி பாறையில் உருண்டால் ஓட்டுபவரைக் காக்க, சுற்றிலும் இரும்புக் கூண்டு வேண்டும். வெல்டர் ஆயுள் முழுக்க ஜன்னல் கிரில் மட்டுமே செய்தவர்; அதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

“என் கிரில்லைத் தாண்டி இதுவரைக்கும் ஒரு திருடன் உள்ள போனதில்ல சார்.”

“அந்த உறுதிதான் எனக்கு வேணும்,” என்றார் அத்தான்.

அளவு சரியாக இருக்க வேண்டுமென்று அத்தானை இருக்கையில் உட்காரவைத்தே வேலையைத் தொடங்கினார் வெல்டர். பொறி தெறிக்காமல் இருக்க ஈரப் போர்வை கேட்டார். பின்கட்டுக்கு ஓடி, கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து வந்து அத்தானைத் தலையோடு போர்த்திவிட்டேன். செயலாளரின் சமயோசிதம்! கம்பி மேல் கம்பியாகக் கூண்டு எழுந்தது. முன்புறம் வளைந்த கழுத்தோடு ஓர் அன்னம்கூட வந்து உட்கார்ந்தது.

“அன்னம் எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“கிரில்லுன்னா அன்னம் இல்லாமயா?”

கடைசிக் கம்பியும் ஒட்டியது. அத்தான் போர்வையை விலக்கி, நான்கு பக்கமும் பார்த்துப் பூரித்துப்போனார். “பிரமாதம்! சரி, எப்படி இறங்குறது?”

வெல்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அன்னத்தைப் பார்த்தேன்.

“இறங்கணுமா? அதை மொதல்லயே சொல்லியிருக்கணும் சார்.”

“அறுத்து விடுங்க!”

“கட்டிங் மெஷின் வேற இடத்துல கிடக்கு. காலையில எடுத்துட்டு வரேன்,” என்று சொல்லி, தன் படைப்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, அசையாதது கண்டு திருப்தியோடு புறப்பட்டுவிட்டார்.

அப்போதுதான் வேன் சாவியும் கையுமாக அக்கா ஷெட்டுக்குள் வந்தாள். எஞ்சின் இல்லாத வேனைப் பார்த்தாள். கூண்டுக்குள் புருஷனைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“பாதுகாப்பு,” என்றார் அத்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவர் மடியில் கிடந்த துணியை அவள் கம்பி வழியே உருவி எடுத்து விரித்தாள். ஓரத்தில் பெரிய விடுதியின் முத்திரை இருந்தது. நடுவில் பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாகக் கருகியிருந்தது.

“மூட்டையில மேல இருந்துச்சுக்கா,” என்று விளக்கம் அளித்தேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் நாங்களும் கோபப்பட்டு, ஒருவழியாகப் பொழுது போயிருக்கும். அவள் திட்டவில்லை. அந்த விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேனை வழக்கமாகப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டாள்.

அவர் தன் சாமான் பெட்டியோடு வந்து, வண்டியைச் சுற்றிவந்து, தலையைச் சொறிந்தார். “எதைம்மா மொதல்ல கழட்டுறது?”

“இதென்ன கேள்வி? என்னைத்தான்!” என்று கூவினார் அத்தான்.

“வேலைக்கு ஆகுறதை மொதல்ல கழட்டுங்கண்ணே,” என்றாள் அக்கா.

எஞ்சின் போனது. கியர்பாக்ஸ் போனது. ஸ்பிரிங்குகள் கழன்றபோது வண்டி அத்தானோடு தரையில் பதிந்து உட்கார்ந்தது. “அந்த போல்ட்டைப் பார்த்து, பார்த்து!” என்று அவர் உள்ளிருந்தபடி தொழில்நுட்ப ஆலோசனை வழங்கிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் உட்கார்ந்திருந்த இருக்கையையும் அடியிலிருந்து கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, பின்பக்கச் சந்து வழியாக இழுத்துக்கொண்டார்கள். கூண்டில் அதற்கு மட்டும்தான் வழி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேன் நேரத்துக்குப் புறப்பட்டது. மூட்டை தூக்க நானும் போனேன். விடுதியில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, அக்கா பொத்தல் விரிப்பைத் தனியாக எடுத்து மேலாளர் அம்மாளிடம் நீட்டினாள்.

“இது எங்க வீட்ல கெட்டுப்போச்சும்மா. புதுசு நானே கொடுத்துடறேன்.”

“இது எப்படி ஆச்சு?”

“இதைப் போத்தி, என் வீட்டுக்காரரைக் கூண்டுக்குள்ள வெச்சு வெல்டிங் பண்ணிட்டாங்க.”

அந்த அம்மாள் பொத்தலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். “வெளிய வந்துட்டாரா?”

“இன்னும் இல்லம்மா.”

“அவசரம் இல்லேன்னா அடுத்த லோடையும் இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்களேன்.”

வேலை கிடைத்துவிட்டது. வெல்டர் வந்து அத்தானை அறுத்து எடுத்தார். அன்று மாலையே கூடிய மறுஆய்வுக் கூட்டத்தில், ‘குடும்பத்தாரின் ஒத்துழைப்பின்மையால்’ திட்டம் தள்ளிவைக்கப்படுவதாக அத்தான் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்தார். நான் வழிமொழிந்தேன்.

அந்த வண்டி ஓரடிகூட ஏறவில்லை என்று தெருவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதை வன்மையாக மறுக்கிறேன். அது ஏறியது. எஞ்சின் பொருத்துவதற்கு முன்பிருந்தே அக்காவின் தோளில் ஏறி, அத்தானையும் என்னையும் சொகுசாக உட்காரவைத்துக்கொண்டு, இத்தனை நாளும் ஒரு குலுங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் இறக்கி வைத்த பிறகுதான், அது ஓடுகிற வண்டியே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.