வேப்பூரில் இறக்கிவிடப்பட்ட விமான நிபுணர்

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கென்று தனியாக ஓர் அறிவு வேண்டும். இரண்டாயிரங்களில் அது என்னிடம் துளியும் கிடையாது. (இப்போது இருக்கிறதா என்று என் மனைவியிடம் கேட்காதீர்கள்.)

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை. கீழே விழுந்தால் உடைகிற சாமான்களோடு பகலெல்லாம் கிடந்ததாலோ என்னவோ, சாயங்காலமானால் பிரவுசிங் சென்டரில் விமான விபத்துகளாகத் தேடிப் படிப்பேன். என்னைப் போலவே இன்னொரு கிறுக்கு எனக்கு நண்பன். எந்த விமானி எதில் தப்பினார், அப்புறம் எப்படி ரிட்டயர் ஆனார் என்பதையெல்லாம் சொந்தச் சித்தப்பா கதைபோல டீக்கடையில் பேசுவோம். இருவருமே விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

மனைவியின் தம்பி செல்வத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தின் முதல் விமானப் பயணம். வேன் பிடித்து, எல்லோருமாகச் சென்னைக்குக் கிளம்பினோம். சற்றுச் சுற்றானாலும் ரோடு நன்றாயிருக்கும் என்று டிரைவர் வேப்பூர் வழியாக விட்டார். ஊர் தாண்டுவதற்குள் பையனின் முகம் வெளுத்துவிட்டது. தைரியம் சொல்லத்தான் நான் இருக்கிறேனே.

நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை ஒரு விமானி பட்டம்போல மிதக்கவிட்டு இறக்கிய கதையைச் சொன்னேன். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அடுத்து, சக்கரம் இறங்காத கதை. அதுவும் சுபம். ஆனால் மாமியார் காதில் எல்லாக் கதையிலும் முதல் பாதி மட்டுமே விழுந்திருக்கிறது. வேப்பூரில் டீக்கு நிறுத்தியதும் மகனின் பாஸ்போர்ட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எம் புள்ள எங்கியும் போவ வாணாம். வண்டியத் திருப்பச் சொல்லுங்க மாப்ள.”

விமானத்தைத் தவறவிட்டால் பையனின் வேலையே போய்விடும்.

“அத்த, பிளேனு ஒண்ணும் பண்ணாதுங்க. அதவிட இந்த வேனுதான் ஆபத்து. ரோட்ல போறவங்கதான் அதிகமா சாவுறாங்க.”

(உண்மைதான். எங்கே சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

இனி வேனிலும் ஏறமாட்டேன் என்று மாமியார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ரோஷம் வந்த டிரைவர், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் செல்வம்தான் இருவரிடமும் குசுகுசுவென்று சமாதானம் பேசினான். பிறகு தலையைச் சொறிந்தபடி என்னிடம் வந்தான்.

“மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வரலன்னா ரெண்டு பேரும் வராங்களாம்.”

வேன் கிளம்பியது. மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் கையாட்டினாள். நான் விருத்தாசலம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினேன்.

செல்வம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான். இப்போது எங்கள் வீட்டில் ஆளாளுக்குப் பறக்கிறார்கள். யார் கிளம்பினாலும் மாமியாரிடமிருந்து முதல் போன் எனக்குத்தான்.

“மாப்ள, எங்க இருக்கீங்க?”

“வூட்லதான் அத்த.”

“செத்த அங்கியே இருங்க. பிளேனு எறங்கட்டும்.”