குல்சார் மண்டபத்துக்குப் போன ரசிகர்

கல்முனையில் பாட்டுக் கேட்கத் தெரிந்த காதுகள் இரண்டே இரண்டு. இரண்டும் ஷரிபுதீன் முதலாளியின் தலையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் அப்படித்தான் நம்பினார். கடைத்தெருவில் மருதமுனைக் கைத்தறிச் சாரி விற்கிறவர். வாங்க வருகிறவர்கள் ரகத்தைக் கேட்டால் இவர் ராகத்தைச் சொல்வார். கல்யாண வீட்டுப் பாட்டெல்லாம் அவருக்குத் தகரம் தட்டுகிற சத்தம். ரேடியோ அதைவிடக் கேவலம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மக்கீனின் சலூனில், முகம் முழுக்க நுரையோடு அறிவித்தார்:

"வாற கிழமை நான் கொழும்புக்குப் போறன். சனிக்கிழமை மருதானைக் குல்சார் மண்டபத்தில கவாலிப் பாட்டுக் கேக்கப் போறன்."

மக்கீன் கத்தியை நிறுத்தினான். "பெரிய மண்டபமா முதலாளி?"

"பெரிசா? அம்பது பேர் இருந்தா மூச்சு முட்டும். வெள்ளைக்காரன்ட காலத்து மண்டபம். பம்பாயிலிருந்து கப்பலில வந்த உஸ்தாதுமார் இருந்து பாடின இடம். அங்க தலையாட்டுறதுக்கும் ஒரு தகுதி வேணும். போயிட்டு வந்து சொல்றன். நீங்களெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுக் கேளுங்க."

வீட்டில் மனைவி றாஹிலா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "மச்சான், என்னையும் கூட்டிட்டுப் போங்களன்."

"உன்னையா? பாடுறவர் உச்சத்துக்குப் போற நேரம், 'அடுப்பில பால் வெச்சன்' எண்டு எழும்பி ஓடுவாய்."

"எனக்கும் பாட்டு விருப்பம்தானே."

"உனக்கு விருப்பம் ரேடியோ. அதில பாட்டுக் கேக்கிறதும் போட்டோவைப் பார்த்துப் புரியாணி தின்னுறதும் ஒண்டுதான்."

திங்கட்கிழமை பகல், சாப்பிட வந்தார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோ கதைத்துக்கொண்டிருந்தது. "மருதானை, குல்சார் மண்டபத்தில் வருகிற சனிக்கிழமை பின்னேரம், அஸருக்குப் பிறகு..." டக்கென்று திருகி நிறுத்தினார்.

"சோறு தின்னுற நேரமும் இந்தக் கரைச்சலா?"

"இல்ல மச்சான், உங்கட மண்டபத்தைப் பத்தித்தான் சொன்னாங்க."

"என்ட மண்டபத்தைப் பத்தி எனக்கு ரேடியோவா சொல்லித்தரப் போகுது?"

"அதுவும் சரிதான்." றாஹிலா இன்னும் ஒரு துண்டு மீனை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்தாள். "அப்ப என்னைச் சபூறா ராத்தாட ஊட்டில விட்டுட்டுப் போங்க. அவவும் மருதானையிலதானே இரிக்கா."

பயணத்துக்குச் சோறு கட்டவும் ஆள் வேண்டும். ஷரிபுதீன் பெரிய மனது பண்ணினார். "சரி, வா. ஆனா மண்டபம் எண்டு வாய் திறக்கக்கூடாது."

"திறக்கமாட்டன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கொழும்பு போய்ச் சேரும்வரை திறக்கவே இல்லை.

சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, கண்ணுக்குச் சுர்மா, சட்டைக்கு அத்தர் என்று புறப்பட்டார் முதலாளி. ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது மண்டபம். பலகைப்படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. எத்தனை பெரிய கால்கள் ஏறியிருக்கும்! தன் காலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மெதுவாக ஏறினார். மேலே வாசலை அடைத்தபடி கதிரையில் ஒரு பருத்த பெண்.

"எங்க வாறீங்க?"

"பாட்டுக் கேக்க."

"இண்டைக்குப் பொம்பிளையளுக்கு மட்டும். ரேடியோவில கிழமை முழுக்கச் சொன்னமே!"

"நான் கல்முனையிலிருந்து வாறன்!"

"மக்கத்திலிருந்து வந்தாலும் ஏலாது."

"நான் ரசிகன்!"

"அப்ப மீசையைக் கழட்டிக் கீழ வெச்சிட்டு வாங்க."

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "கொஞ்சம் விலகுங்க மச்சான்." கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சாரியில் றாஹிலா. பக்கத்தில், சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கிக்கொண்டு அக்கா சபூறா.

"நீ... ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"மண்டபம் எண்டு வாய் திறக்கக்கூடாதெண்டீங்களே!"

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஆர்மோனியம் எழுந்தது. படியில் உட்கார்ந்து கேட்கலாமென்றால், அதற்கும் அந்தப் பெண் விடவில்லை. கீழே பேக்கரிக்காரன் மாவை அடித்துப் பிசைகிற சத்தத்தைத்தான் ரசிகர் கடைசிவரை ரசித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டி தாண்டும் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு சலூன் ஞாபகம் வந்தது.

"அப்படி என்னத்தைத்தான் பாடினாங்க?" என்றார், ஜன்னலைப் பார்த்து.

றாஹிலா ஒளிக்கவில்லை. பாடினவ கண்ணை மூடிக்கொண்டு தொடங்கியது, தபேலா வாசிச்ச பிள்ளை வளையலைக் கழற்றி மடியில் போட்டது, ரெண்டாம் பாட்டுக்குச் சபையே அழுதது, எல்லாம் சொன்னாள். ஒரு அடியை மெல்ல முணுமுணுத்தும் காட்டினாள். சுதி இம்மியும் விலகவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சலூனில சொல்லத் தேவைப்படும்தானே, நல்லா ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க," என்றாள் அன்பாக.

மோட்டுப் பொம்பிளை, என்று நினைத்துக்கொண்டார். கேட்டதையெல்லாம் இப்படியா ஒருத்தி வாரிக் கொடுப்பாள்!

இரண்டு நாள் கழித்துச் சலூனில் ஏறி அமர்ந்தார். அவர் சொன்ன கதையில் பாடினவவுக்குத் தாடி முளைத்தது. தபேலாப் பிள்ளை உஸ்தாத் ஆனது. முதல் வரிசையில் ஷரிபுதீன். அவர் தலையாட்டியதைப் பார்த்துப் பாடகர் அதே அடியைத் திரும்பப் பாடினார். ரெண்டாம் பாட்டுக்கு இவர் அழுத அழுகையில் சபையே அழுதது.

மக்கீன் கத்தியைத் துடைத்தான். "உங்கட பொஞ்சாதி நேத்தே எங்கட ஊட்டுக்கு வந்து, அந்தப் பாட்டெல்லாம் பொண்டுகளுக்குப் பாடிக் காட்டிட்டா முதலாளி. உங்கட கடையில எந்தச் சாரியை உடுத்துக்கிட்டு நீங்க உள்ள போனீங்க எண்டதைத்தான் சொல்லல்ல."